இஞ்சின் இல்லாத பக்கம்

இலங்கையில், எங்கள் பண்டாரவளையில் ரயிலைக் கோச்சி என்போம். கோச்சிக்கு முன்னால் இஞ்சின் இருக்கும், அது இழுக்கும், பின்னால் பெட்டிகள் வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வயது வரை இருந்தேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி மலை ரயிலைப் பார்த்தபோது முதல் அதிர்ச்சி அங்கேயே கிடைத்தது. பொம்மை மாதிரி நீலப் பெட்டிகள் வரிசையாக நிற்க, இஞ்சினைக் கொண்டுபோய்க் கடைசியில் கோர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா மாட்டுறாங்க போல இருக்கு," என்றேன் இவரிடம். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

"தப்பு இல்ல. மேல ஏறும்போது பின்னால இருந்து தள்ளும். பெட்டி கழண்டு உருண்டாலும் இஞ்சின் தாங்கிக்கும் பாரு," என்றார், தானே கட்டி ஓட்டிய கோச்சி மாதிரி. யூட்யூபில் பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு கேரளக் குடும்பத்துக்கும் கையை ஆட்டி ஆட்டி இதையே விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. எங்கள் மகன் ரொஷானுக்குப் பெண் பார்க்க வந்தோம். பெண், குன்னூரில் இருக்கும் சவரிமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா. அண்ணன் என் பெரியம்மா மகன். நான் பிறப்பதற்கு முன்பே பெரியம்மா குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் குடியேறிவிட்டது. அண்ணனை நான் வாட்ஸ்அப்பில்தான் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு ரயில்வேயில் வேலை என்று சொல்லியிருந்தார். நான் மனதுக்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ரப்பர் முத்திரை என்று போட்டுப் பார்த்துக்கொண்டேன். அனுப்பிய போட்டோவில் பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவுமாக அடக்கமாகத்தான் இருந்தாள்.

பண்டாரவளை டவுனில் எங்களுக்கு ஒரு பேக்கரி. பாண் என்றால் இந்தியாவில் பிரெட். அந்தப் பாண் சுடும் போறணைக்கு முன்னால் நின்று நின்று எனக்கும் இவருக்கும் உடம்பு பாதி வெந்துவிட்டது. இனி ரொஷான் போறணையைப் பார்ப்பான், மருமகள் கவுண்டரில் இருப்பாள், நாங்கள் கொஞ்சம் உட்காருவோம். கணக்கு அவ்வளவுதான். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுட்டு எங்களோட வந்துடணும்" என்ற வாக்கியத்தை விமானத்திலேயே பல விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

கைப்பையில் ஒரு தகர டப்பாவும் இருந்தது. அதற்குள் நானே போட்ட லவ் கேக். ரவை, முந்திரி, சீனிப்பாகில் ஊறிய பூசணி தோசி, ரோஸ் வாட்டர் எல்லாம் சேர்ந்த கேக். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அது இல்லாமல் முடியாது. சம்பந்தம் முடிந்தால்தான் டப்பாவைத் திறப்போம். முடியாவிட்டால் கேக் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், கோபிக்கவும் மாட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது முதல் பெட்டி. இஞ்சின் பின்னால் என்பதால் எங்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணாடி, அதற்கப்பால் பால்கனி மாதிரித் திறந்த ஒரு மேடை, அதற்கப்பால் காடு. அந்த மேடையில் யூனிஃபார்மும் தொப்பியுமாக, பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். பக்கத்தில் பிரேக் பிடிக்கும் இரும்புச் சக்கரம். தொப்பிக்குக் கீழே சுருட்டிச் செருகிய சடையைப் பார்த்த பிறகுதான் அது ஒரு பெண் என்று தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பெத்தவங்க எப்பிடித்தான் விட்டாங்களோ! ஒரு கம்பிகூடச் சரியா இல்ல, விழுந்தா எலும்பு மிஞ்சுமா?" என்றேன். "நல்லவேளை, நாம பாக்கப்போற புள்ளைக்கு ஆபீஸ் வேலை."

"ம்," என்றார் இவர். அவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லாறு தாண்டியதும் வண்டிக்கு அடியில் கடக் கடக் என்று ஒரு சத்தம் தொடங்கியது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ரம்பம் மாதிரிப் பல் வைத்த இரும்பு ஒன்று ஓடுகிறது. இஞ்சினுக்கு அடியில் உள்ள சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. அதை விட்டால் வழுக்கிவிடுமாம். கேட்டதிலிருந்து நான் வெளியே பார்க்கவில்லை, என் காலுக்கு அடியில்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் மலைக் கோச்சியில் நானுஓயாவிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இறால் வடை, அவித்த சோளம், கடலை என்று ஒரு சந்தையே பெட்டிக்குள் நடந்து முடியும். இங்கே ஒருவரும் ஏறவில்லை. ஏற வழியும் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போகக் கதவே கிடையாது. நல்லவேளையாக நான் பருப்பு வடை சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த கேரளத்து அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். அவர் வாழைக்காய் சிப்ஸ் கொடுத்தார். பாலங்கள் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தினோம். அந்தப் பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. கீழே ஓடை தெரிகிறது, ஓடைக்கும் கீழே இன்னொரு பாலம் தெரிகிறது. குகைக்குள் நுழையும்போது பின் பெட்டிகளில் ஊளையிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் எதற்கும் திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே நின்றாள்.

இஞ்சின் தண்ணீர் குடிப்பதற்காக ஹில்குரோவில் நின்றது. எல்லோரும் இறங்கி டீக்கடையை மொய்த்தார்கள். நான் பிளேன் டீ கேட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "பால் இருக்குதுங்க," என்றார். இருக்கட்டும், வேண்டாம் என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் குரங்கு ஒன்று வந்து என் வடைப் பொட்டலத்தைக் கையோடு பிடுங்கிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. கேக் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து பெட்டியில் உட்கார்ந்தேன். இவர் டீ கிளாசோடு அங்கேயே நின்றார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தண்டவாளம்தான் ரோடு. பள்ளிக்கூடம், கோவில், மரக்கறிக் கடை எதற்கானாலும் லைனில்தான் நடப்போம். கோச்சி வரும் நேரம் குழந்தைக்கும் தெரியும். சத்தம் கேட்டால் ஒதுங்கி நிற்போம், கடைசிப் பெட்டி தாண்டியதும் மறுபடி லைனில் இறங்கிவிடுவோம். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதைவிடப் பத்திரமான இடம் எங்களுக்குத் தெரியாது. இவர் பிறந்ததிலிருந்து அப்படி நடந்தவர்.

விசில் ஊதியது. ஜனங்கள் ஓடி வந்து ஏறினார்கள். இவரைக் காணோம். டீக்கடைப் பக்கம் பார்த்தேன், இல்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பார் என்று நினைக்கும்போதே வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. அதில் திரும்பியதும் முன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், இவர் லைன் நடுவில் வந்துகொண்டிருக்கிறார்! ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் போன். பல் வைத்த இரும்பை ரொஷானுக்கு வீடியோ எடுக்கப் போனவர், இஞ்சின் இல்லாத பக்கம்தானே என்று நிதானமாக நடந்து வருகிறார். காலையில் ஊருக்கெல்லாம் விளக்கியவர்! மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

எழுந்து முன் கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லை. இவர் எங்களைப் பார்த்துவிட்டார். திரும்பி ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை. டீ கிளாஸோடு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வண்டியைத் தள்ளி நிறுத்தப் போகிறவர் மாதிரி நின்றார்.

அந்தப் பெண்ணின் சிவப்புக்கொடி எப்போது ஏறியது என்று தெரியவில்லை. நான் பார்க்கும்போது அது ஆடிக்கொண்டிருந்தது, வாயில் விசில் இருந்தது, மறு கை பிரேக் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க நின்றவர்களின் விசில் கேட்டது, கடைசியில் இஞ்சின் கூவியது. வண்டி குலுங்கி நின்றபோது நான் கேரளத்து அம்மாவின் மடியில் கிடந்தேன். எழுந்து பார்த்தால் இவருக்கும் மேடைக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். டீ கிளாஸ் இன்னும் கையில் இருந்தது. டீதான் இல்லை.

"அது யாருடைய ஆள்?" என்று கேரளத்து அம்மா மலையாளத்தில் கேட்டார்.

"என்னுடைய ஆள்தான்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் மேடையிலிருந்து குதித்து இவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஊட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா? வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னுகூடத் தெரியாம லைன் மேல நடப்பீங்களா? டிரைவரு பின்னாடி இருக்கறாருங்க, அவருக்கு உங்களைத் தெரியாது. என் கொடியைப் பார்த்துத்தான் வண்டியே ஓடுது. நான் ஒரு செகண்ட் அசந்திருந்தா நீங்க என்னாயிருப்பீங்க? வயசாச்சில்லீங்க, அறிவு வேண்டாமுங்களா?"

ங்க போட்டே ஒரு மனிதரை இப்படிக் கிழிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து ஏறினார். அதன் பிறகு குன்னூர் வரும் வரை வீடியோ எடுக்கவில்லை, ஒன்றையும் விளக்கவும் இல்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"கோச்சி பிரேக் அறுந்து உருண்டு வருதுன்னு நினைச்சேன். உள்ள நீ இருக்கியேன்னுதான்..."

இஞ்சின் இல்லாத பெட்டி மேட்டைப் பார்த்து எப்படி உருளும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

குன்னூரில் குளிர் எங்கள் ஊர்க் குளிர் மாதிரியேதான் இருந்தது. யூகலிப்டஸ் வாடைகூட அதேதான். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அந்தப் பெண் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தோம். அவளே ஓடி வந்தாள். தொப்பியைக் கழற்றியிருந்தாள்.

"அத்தை, நில்லுங்க. நாளைக்கு எங்க ஊட்டுக்குத்தானுங்களே வர்றீங்க? அப்பா மீன் வாங்கறேன்னு சொல்லிட்டிருக்காரு. மாமாவுக்கு மீன் ஆகுமுங்களா?"

அந்த முகத்துக்குப் பட்டுச் சேலையும் மல்லிகைப்பூவும் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

"ஸ்டெல்லாவா?"

"ஆமாங்க."

"எங்களைத் தெரியுமா உனக்கு?"

"மேட்டுப்பாளையத்துலயே தெரிஞ்சுதுங்க. அப்பா போட்டோ காட்டியிருக்காரு. ட்யூட்டில சொந்தக்காரங்ககிட்டப் பேச ஆரம்பிச்சா கண்ணு பின்னாடி போயிருங்க. அதான் பேசலை." பிறகு இவரைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. ஆனா திட்டுனது திட்டுனதுதானுங்க."

"மீன் ஆகும்," என்றார் இவர். வேறு என்ன சொல்வார்?

மறுநாள் ஆட்டோவில் தோட்டத்துக்குப் போனோம். வழியில் இறங்கி நடக்கும்போது மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் விரல் அசையவில்லை. கையில் பெரிய கத்தரிக்கோல், அதில் ஒரு பெட்டி கட்டியிருக்கிறது. செடியின் தலையைக் கிராப்பு வெட்டுகிற மாதிரிச் சரக் சரக்கென்று வெட்டிப் பெட்டியில் வாரினார்கள். எனக்குப் பதறிவிட்டது. எங்கள் ஊர்த் தோட்டங்களில் ஒரு முற்றல் இலை சேர்ந்து வந்தாலே கங்காணி கூடையைக் கொட்டிக் காட்டுவார். இங்கே செடியையே மொட்டை அடிக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் தெரிந்த இடத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். சவரிமுத்து அண்ணன் கட்டியது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். "வாங்க, வாங்க. வாசல்ல மாடு நிக்குது, சித்த பொறுங்க, அதுவே போயிரும்," என்றார். மாடுதானே என்று நான் இரண்டடி முன்னால் போனேன். வாசலில் நின்றது காட்டெருமை. லாரி உயரம், நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. காயப்போட்ட துணிக்குக் கீழே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. இந்த மலையில் இன்னும் எத்தனை தடவைதான் என் உயிர் போய் வரும் என்று நினைத்தேன். அது எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

"வா தங்கச்சி. கோச்சிப் பயணம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் வந்தார். கேட்ட பிறகுதான் நேற்று நடந்தது அவருக்குத் தெரியும் என்று முகத்தில் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஆகியும் கோச்சி என்கிறாரே என்று எனக்கு மனசு இளகியது.

மீன் குழம்பு நன்றாக இருந்தது, தேங்காய்தான் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் ஸ்டெல்லா தட்டில் டீ கொண்டுவந்தாள். இப்போது சேலை கட்டியிருந்தாள். டீயில் பால் இல்லை. எங்களுக்காக அண்ணன் சொல்லிப் போட்ட பிளேன் டீ. நான் டீயைப் பார்க்கவில்லை, தட்டைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. எனக்கும் போறணைத் துடுப்புப் பிடித்து அதே இடத்தில்தான் காய்ப்பு இருக்கிறது.

"சொல்லு தங்கச்சி, உங்க மனசுல என்ன இருக்கு?" என்றார் அண்ணன்.

ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. நேற்று அந்த வேலையை அவள் பார்த்திராவிட்டால் இந்த மனிதர் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த வேலையை விடு என்று எந்த வாயால் சொல்வது? இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டேன்.

ஸ்டெல்லா போகவில்லை. "நானே கேட்டுர்றேனுங்க அத்தை. வேலைய விடச் சொல்லுவீங்களா?"

அண்ணி, "ஏ புள்ள," என்று அதட்டினார். நான் உள்ளதைச் சொன்னேன். "அதைச் சொல்லத்தாம்மா வந்தேன்."

"விட மாட்டேனுங்க. ரொஷான்கிட்டயும் அப்பவே சொல்லிட்டேன்."

"எந்த ரொஷான்கிட்ட?" என்று கேட்டேன், ஊரில் பத்து ரொஷான் இருக்கிற மாதிரி.

போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், ரொம்ப நாளாக. பெண்ணுக்கு என்ன வேலை, எங்கே நிற்கிறாள், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் எல்லாம் அவனுக்குத் தெரியுமாம். நான்தான் மேசையும் மின்விசிறியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணன். கிளம்பும்போது ஸ்டெல்லா என் பையை எடுத்துக் கொடுத்தாள். டப்பா உள்ளே அசைந்தது. அது என்னவென்று இலங்கைக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி நடந்தபோது எனக்கு அந்தப் பை கனத்தது.

வந்ததற்கு ஊட்டியையும் பார்த்துவிடலாம் என்று போனோம். ஏரியைப் பார்த்தோம், எங்கள் நுவரெலியா ஏரியைவிடக் கூட்டம் அதிகம், சத்தமும் அதிகம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொஷானுக்குப் போன் போட்டேன்.

"உனக்கு எல்லாம் தெரியுமாடா?"

"தெரியும்மா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க போயிருக்கவே மாட்டீங்க." பிறகு மெதுவாகச் சொன்னான். "அவ வேலைய விட வேணாம்மா. நான் அங்க போறேன். அங்க இல்லாத பேக்கரியா? கோபப்படாதீங்க."

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பகீரென்றது, அவ்வளவுதான். பெண் எடுத்து வர வந்தவள் நான். பிள்ளையைக் கொடு என்கிறார்களே! அவன் பிறந்த அன்றுகூட இவர் பாண் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தப் போறணை யாருக்கு? காலையில் எழுந்து யாரை எழுப்புவேன்? கடலுக்கு அந்தப் பக்கம் அவன் காய்ச்சலில் கிடந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? ஏரிக்கரையில் அத்தனை பேருக்கு நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். குதிரை ஓட்டுகிற ஒருவர் வந்து சவாரி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து நகர்ந்துவிட்டார்.

இவர் ஆறுதல் சொல்லவில்லை. என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். ஊட்டி வர்க்கி என்று ஒன்று விற்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லை. மடிப்பு மடிப்பாக, முரட்டு உருண்டையாக, கடித்தால் நொறுங்கிச் சேலை முழுக்கக் கொட்டுகிறது. டீயில் தோய்த்தால் அது வேறு ருசி. இவர் ஒன்று தின்றார், இரண்டு தின்றார், பிறகு கடைக்காரரிடம் போறணையைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் பாய், நல்ல மனிதர். "நீங்களும் நம்ம தொழிலா? வாங்க வாங்க," என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். விறகுப் போறணை. இவர் வெகு நேரம் அங்கேயே நின்றார். மாவைக் கிள்ளிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நெருப்புக்கு முன்னால் கையை நீட்டிச் சூடு பார்த்தார். மேசையில் மாவை மடித்து மடித்துத் தேய்க்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சேலையில் கிடந்த தூளைத் தட்டிவிட்டு, "நம்ம பய ஒரு வாரத்துல புடிச்சிருவான்," என்றார்.

அவருடைய முடிவு அதுதான் என்று எனக்குப் புரிந்தது. என்னிடம் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்று சண்டை போட்டேன். ஓட்டலுக்குப் போகும் வழியெல்லாம் போட்டேன். "அன்னைக்குக் கொடியப் புடிச்சவ அவ, புள்ள," என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் என்னாலும் சண்டை போட முடியவில்லை.

திரும்பும் நாள் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை டீசல் இஞ்சின். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு நீராவி இஞ்சினை மாட்டுகிறார்கள். இறங்கும்போது இஞ்சின் முன்னால்தான், நாங்கள் அறிந்த கோச்சி மாதிரியே. பெட்டிகள் அதன் மேல் போய்ச் சாயாமல் இருக்க, ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். எங்கள் பெட்டியின் மேடையில் ஸ்டெல்லா நின்றாள். ட்யூட்டி என்பதால் எங்களிடம் பேசவில்லை. வழக்கம்போல லைனைப் பார்த்தாள், பிளாட்பாரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். அது மட்டும் வழக்கம் இல்லை என்று நினைக்கிறேன். இவர் சீட்டில் இல்லை.

"அத்தை, மாமா எங்கீங்க?" என்றாள். குரல் மாறியிருந்தது. முதல் நாள் அப்படித் திட்டியபோதுகூட அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.

கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இவர் பிளாட்பாரத்தில்தான் நின்றார், இந்தத் தடவை லைனைவிட்டு வெகு தூரம் தள்ளி, சுவரோடு ஒட்டிக்கொண்டு. நான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே போனேன். டப்பாவை நீட்டினேன்.

ஸ்டெல்லா டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கொடியையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் வாங்கிக்கொண்டாள்.

"வேலைய விட வேணாம்," என்றேன். "அவன் வருவான்." சொன்னது நான்தானா என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. சொன்ன பிறகு அழவும் இல்லை.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவனுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும்மா. லைன்லதான் நடப்பான். சொன்னாக் கேக்க மாட்டான். கொஞ்சம் பார்த்துக்க."

ஸ்டெல்லா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பார்த்துக்கறேனுங்க," என்றாள். "நீங்க மொதல்ல ஏறுங்க மாமா. நீங்க உக்காந்தாத்தான் நான் கொடி காட்டுவேன்."